கதையின் முடிவைச் சொன்னால் முரண்நகையைச் சொன்னதாகுமா?

தங்கச்சி, உங்கள் கேள்வியை முதலில் என் சொல்லில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்திலிருந்து ஈப்போ கல்லூரிக்குப் போய்வருகிறீர்கள். ஆங்கில இலக்கியப் பாடத்தில் மொப்பசானின் 'தி நெக்லஸ்', ஓ. ஹென்றியின் 'தி கிஃப்ட் ஆஃப் தி மேஜாய்', கேட் ஷோபினின் 'தி ஸ்டோரி ஆஃப் அன் அவர்' ஆகிய மூன்று கதைகளிலும் முரண்நகையை (ஐரனி) ஆராய்ந்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றிலும் கடைசியில் என்ன நடக்கிறது என்று எழுதி, 'எதிர்பாராத முடிவு, ஆகவே ஐரனி' என்று முடித்திருக்கிறீர்கள். விரிவுரையாளர் 'இது கதைச் சுருக்கம்' என்று ஒரே வரியில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறென்ன எழுதுவது, 'தி நெக்லஸ்' நாயகியைப் பற்றி 'மத்தில்டுக்கு அந்தத் தண்டனை தேவைதான்' என்று எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முரண்நகை என்றால் என்ன என்று நீங்கள் கேட்கவில்லை. சொல் முரண் (சொல்வது ஒன்று, பொருள் வேறு), சூழல் முரண் (எதிர்பார்ப்பது ஒன்று, நடப்பது வேறு), நாடக முரண் (நமக்குத் தெரிவது பாத்திரத்துக்குத் தெரியாது) என்ற மூன்று வகையும் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. கதையைக் கையில் வைத்துக்கொண்டு அதை எந்த வரியில் தேடுவது என்பதுதான் உங்கள் சிக்கல் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நானும் அதே வட்டாரத்துக்காரன்தான். பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் கற்பித்து ஓய்வு பெற்றபின், ஆறாம் படிவப் பிள்ளைகளுக்கும் கல்லூரிக்குப் போகிற சிலருக்கும் மாலையில் இலக்கிய வகுப்பு எடுக்கிறேன். பல்கலைக்கழகத்தில் கற்பித்தவன் இல்லை. உங்கள் விரிவுரையாளர் எதற்கு எவ்வளவு மதிப்பெண் தருவார் என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கதைகளை எப்படிப் படிப்பது என்பதற்கு மட்டும் நான் பொறுப்பு.

முதலில், நம் பிள்ளைகள் வழக்கமாக எங்கே தடுக்குகிறார்கள் என்று சொல்கிறேன். தமிழ்ப்பள்ளியில் எந்தக் கதையைப் படித்தாலும் கடைசியில் 'இக்கதையின் படிப்பினை' என்று ஒரு வரி எழுதிப் பழகிவிட்டோம். 'தி நெக்லஸ்' கையில் வந்ததும் பேனா தானாகவே 'பேராசை பெருநட்டம்' என்று எழுதிவிடுகிறது. இரவல் நகை நமக்குத் தெரியாத சங்கதியா? லயத்தில், அதாவது தோட்ட வரிசை வீடுகளில், ஒரு கல்யாணம் என்றால் ஒரே அட்டிகை நாலு கழுத்து மாறியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 'இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்' என்று பாட்டி ஒரு வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுவார். பாட்டி சொன்னால் போதும், கட்டுரைக்குப் போதாது. படிப்பினை எழுதும்போது நாம் கதாபாத்திரத்தை விட்டு வெளியே நின்று தீர்ப்புச் சொல்கிறோம். முரண்நகையைப் பார்க்க அந்த ஆளின் தலைக்குள் போக வேண்டும். அவள் எதை உண்மை என்று நம்பிக்கொண்டிருக்கிறாள், கதைக்குத் தெரிந்த உண்மை என்ன, இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி எந்தெந்த வரிகளில் தெரிகிறது. தேட வேண்டியது அதைத்தான்.

துரதிர்ஷ்டத்தையும் முரண்நகை என்று எழுதிவிடாதீர்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் முழுக்க மழை கொட்டி ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாமல் போனால் அது கஷ்டம், அவ்வளவுதான். தொழிலாளர்கள் காலையில் கூடும் பிரட்டுக் களத்தில் நின்று நேர்மை பற்றி முழங்கிவிட்டுப் பால் நிறுக்கும்போது எடையில் கைவைக்கிற கிராணி, அதாவது தோட்டக் கணக்கர், ஒரு வேஷதாரி. அவரும் இன்னும் முரண்நகை ஆகவில்லை. வரிசையில் நிற்கிற ஒரு அம்மா, அவர் காதில் விழும்படியே, 'நம்ம கிராணி கை சுத்தம், தராசைத் தவிர வேற எதையும் தொடமாட்டார்' என்று சொன்னால், அங்கே வந்துவிட்டது. கேட்கிற ஒருவருக்குப் புகழ்ச்சி, இன்னொருவருக்கு வசை, வாக்கியம் ஒன்றுதான். புறநானூறு 95ஆம் பாட்டில் ஔவையார் தொண்டைமானிடம் செய்வதும் இதே வேலை. உன் ஆயுதங்கள் மயில்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவல் உள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன, எங்கள் அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். மேலோட்டமாகக் கேட்டால் தொண்டைமானுக்குப் பெருமை. போரே பார்க்காத ஆயுதம் என்பது உள்ளே இருக்கிறது. பள்ளியில் இதைப் படித்தவர்களுக்குச் சொல் முரண் புதிய பாடமே இல்லை.

இப்போது 'தி நெக்லஸ்'. மூன்றில் இதுதான் வளமானது, அதனால் இதில் கொஞ்சம் நிற்கிறேன். 1884இல் வெளிவந்த கதை. கல்வி அமைச்சில் வேலை செய்யும் சாதாரண எழுத்தரின் மனைவி மத்தில்ட். அமைச்சின் விருந்துக்குப் போக உடை வாங்க 400 பிராங்க் வேண்டும் என்கிறாள். துப்பாக்கி வாங்கக் கணவன் சேர்த்து வைத்திருந்ததும் சரியாக அவ்வளவுதான், கொடுத்துவிடுகிறான். நகைக்குத் தோழி ஃபொரெஸ்தியேவிடம் போகிறாள். இரவல் வாங்கிய மாலை விருந்து முடிந்து திரும்பும்போது தொலைகிறது. அதே போன்ற மாலையை 36,000 பிராங்குக்கு வாங்கித் திருப்பிக் கொடுக்கிறார்கள். கணவனுக்குத் தகப்பன் வைத்துப்போன 18,000 போக, மீதி முழுவதும் கடன். பத்து வருடம் உழைத்து அடைக்கிறார்கள். கடைசியில் தோழி சொல்கிறாள், அது போலி, அதிகம் போனால் 500 பிராங்க் பெறும் என்று.

முதல் வாசிப்பில் எல்லாரும் இந்த 500இல் நின்றுவிடுகிறார்கள். முடிவு தெரிந்தபின் முதலிலிருந்து இன்னொரு முறை படியுங்கள், இம்முறை பென்சிலோடு. மாலை தொலைந்த பிறகு கணவனும் மனைவியும் நகைப் பெட்டியின் உள்ளே பெயர் பொறித்திருந்த கடையைத் தேடிப் போகிறார்கள். கடைக்காரர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, இந்த மாலையை நான் விற்கவில்லை, பெட்டியை மட்டும்தான் கொடுத்திருப்பேன் என்கிறார். பெட்டி ஒரு கடையுடையது, உள்ளே இருந்த நகை வேறெங்கோ வாங்கியது! உண்மை அங்கேயே மேசைமேல் கிடக்கிறது. அவர்கள் அடுத்த கடையைத் தேடி நடக்கிறார்கள், நாமும் கூடவே நடந்துவிடுகிறோம். புதிய மாலையைத் திருப்பிக் கொடுக்கும் இடத்தைப் பாருங்கள். தோழி பெட்டியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை, சீக்கிரம் கொண்டு வந்திருக்கலாமே என்று முகத்தைச் சுளிக்கிறாள். மாற்றியதைக் கண்டுபிடித்து நம்மைத் திருடி என்று நினைத்துவிடுவாளோ என்பதுதான் மத்தில்டின் பயம். 500 பிராங்க் பொருளுக்கு 36,000 பிராங்க் பொருளைக் கொடுத்துக்கொண்டிருக்கிற பெண் திருட்டுப் பட்டத்துக்கு நடுங்குகிறாள். இந்த ஒரு காட்சியை வைத்தே ஒரு பக்கம் எழுதலாம்.

இன்னொரு இடம். விருந்து முடிந்து வெளியே வரும்போது கணவன் அவள் தோள்மேல் போடுவது அன்றாடம் உடுத்தும் எளிய மேலாடை. மற்ற பெண்கள் விலையுயர்ந்த ஃபர் போர்த்திக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் கண்ணில் படக்கூடாது என்று வண்டிக்குக்கூடக் காத்திராமல் படியிறங்கி ஓடுகிறாள். அசல் என்று நம்பிய போலியைக் கழுத்தில் போட்டபோது தலைநிமிர்ந்தவள், தன் சொந்தத் துணிக்கு வெட்கப்பட்டு ஓடுகிறாள். இந்த ஓட்டத்தில்தான் மாலை விழுந்தது என்று உறுதியாக எழுதிவிடாதீர்கள். எங்கே விழுந்தது என்று கதை சொல்லவே இல்லை. 'இப்படி ஊகிக்க இடம் இருக்கிறது' என்று எழுதினால் உங்களை யாரும் மடக்க முடியாது.

கடைசிக் காட்சியில் தோழி உண்மையைச் சொல்வதற்கு ஒரு கணம் முன்பு மத்தில்ட் சிரிக்கிறாள். நீ வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கவே இல்லை பார்த்தாயா என்று வெகுளித்தனமும் பெருமையும் கலந்த சிரிப்பு. வாழ்க்கையில் முதல்முறையாக, இரவல் வாங்காத ஒன்றை நினைத்து அவள் பெருமைப்படுகிறாள். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் 500 என்ற எண் வெறும் செய்தியாக விழுந்திருக்கும். 'அவளுக்கு அது தேவைதானே' என்று நீங்கள் கேட்டதற்கு என் பதிலும் இங்கேதான். அவள் தண்டிக்கப்பட்டாள் என்று படிக்கலாம். அந்தப் பத்து வருடத்தில்தான் அவள் உருப்படியான மனுஷியானாள் என்றும் படிக்கலாம். இரண்டுக்கும் கதையில் ஆதாரம் உண்டு. மொப்பசான் இரண்டில் எதையும் தீர்ப்பாகச் சொல்லவில்லை, தோழியின் வாக்கியத்தோடு கதையை நிறுத்திவிட்டார். ஆகவே 'தேவைதான்' என்பதை உங்கள் முடிவாக எழுதுங்கள், கதையின் கூற்றாக எழுதாதீர்கள். என் சொந்தக் கருத்தைக் கேட்டால், கடனுக்கு நடுவே வளர்ந்த நம் பிள்ளைகள் அவளை இவ்வளவு சீக்கிரம் தண்டிப்பது எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம்தான்.

ஷோபினின் கதை 1894இல் வந்தது, ஆங்கிலத்தில் சுமார் ஆயிரம் சொல்தான். மற்ற இரண்டைவிட இதில் வேலை நுணுக்கம். இருதய நோயுள்ள லூயீஸிடம் கணவன் ரயில் விபத்தில் இறந்துவிட்டதாகப் பக்குவமாகச் சொல்கிறார்கள். அழுகிறாள், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். ஜன்னலுக்கு வெளியே வசந்தத்தைப் பார்த்தபடி, இனி நான் சுதந்திரமானவள் என்று மெல்ல முணுமுணுக்கிறாள். வெளியே சகோதரி சாவித் துவாரத்தில் வாயை வைத்து, கதவைத் திற, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே என்று கெஞ்சுகிறாள். உள்ளே என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும், சகோதரிக்குத் தெரியாது. நாடக முரணுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. அதற்கு அடுத்த பகுதியில் இன்னும் கூர்மையான வரி ஒன்று இருக்கிறது: ஆயுள் நீள வேண்டும் என்று அவள் இப்போது வேண்டிக்கொள்கிறாள், நேற்றுத்தான் ஆயுள் நீண்டுவிடுமோ என்று நடுங்கியிருந்தாள். இதை அடிக்கோடிடாமல் கட்டுரை எழுத உட்காராதீர்கள்.

பிறகு கணவன் உயிரோடு வாசலில் வந்து நிற்கிறான், விபத்து நடந்ததே அவனுக்குத் தெரியாது. அவள் இறந்துவிடுகிறாள். மகிழ்ச்சி தாங்காமல் இருதயம் நின்றது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இங்கே உறுதியையும் ஊகத்தையும் பிரித்து எழுதுவது மிக முக்கியம். மருத்துவர்கள் அப்படிச் சொன்னார்கள் என்பது உறுதி. அந்த அறையில் அவள் நினைத்தது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது என்பதும் உறுதி. கணவனைக் கண்ட அந்த நொடியில் அவள் மனத்தில் என்ன ஓடியது என்று கதை சொல்லவில்லை. அதுவரை அவளுக்குள்ளேயே இருந்த கதைசொல்லி அந்த ஒரு கணத்தில் வெளியே வந்து நின்றுகொள்கிறார். ஏமாற்றத்தில் இறந்தாள் என்று பெரும்பாலோர் படிக்கிறார்கள், நானும் அப்படித்தான் படிக்கிறேன். ஆனாலும் அது நாம் நிரப்பிய வெற்றிடம். 'கதைசொல்லி ஏன் அங்கே மட்டும் மௌனமானார்' என்று நீங்கள் கேட்டு எழுதினால், அது கதைச் சுருக்கம் என்று எந்த விரிவுரையாளரும் சொல்ல முடியாது.

ஓ. ஹென்றியின் கதை 1905இல் வந்தது. மூன்றில் நான் குறைவாக மதிப்பது இதைத்தான், இரண்டாம் முறை படிக்கையில் புதிதாகக் கிடைப்பது கொஞ்சம். டெல்லாவின் கையில் 1 டாலர் 87 காசு. கூந்தலை 20 டாலருக்கு விற்றுக் கணவன் சட்டைப்பையில் வைக்கும் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்குகிறாள். அவனோ கடிகாரத்தை விற்று அவள் கூந்தலுக்குச் சீப்புகள் வாங்கியிருக்கிறான். கணக்கு இருபக்கமும் சமம் என்று எல்லாரும் எழுதுவார்கள். சமம் இல்லை. என் முடி சீக்கிரம் வளரும் என்று டெல்லா சொல்கிறாள். சீப்புக்கு ஒரு நாள் வேலை வரும், விற்ற கடிகாரம் திரும்பி வராது. அது ஜிம்மின் தாத்தாவிடமிருந்து தகப்பன் வழியாக வந்தது. இதையும், கதைசொல்லி அவர்களை முதலில் முட்டாள்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் ஞானிகள் என்று புகழ்வதையும் தொட்டுவிட்டு நகருங்கள். இதில் முரண்நகை அன்பின் பக்கம் நிற்கிறது, மொப்பசானிடம் அப்படி இல்லை. ஒப்பிட்டு எழுத இந்த வேறுபாடு உதவும்.

தமிழிலிருந்து ஏதாவது பயன்படுமா என்றும் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். கட்டுரைக்குள் வைக்க விரிவுரையாளர் அனுமதித்தால் வையுங்கள், இல்லாவிட்டாலும் கண்ணைப் பழக்க உதவும். 'தி நெக்லஸ்' பக்கத்தில் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை வைத்துப் பாருங்கள். இரண்டிலும் நகை, இரண்டிலும் ஒரு நகையை இன்னொன்றாக எண்ணிய பிழை, அதனால் நாசம். ஆனால் மொப்பசான் உண்மையைக் கடைசிவரை நம்மிடமிருந்து ஒளிக்கிறார், இளங்கோ ஒளிப்பதில்லை. அரசியின் சிலம்பைத் திருடியவன் அந்தப் பொற்கொல்லன்தான் என்று நமக்குத் தெரிகிறது. அவனிடமே போய்க் கோவலன், அரசன் தேவிக்கு ஏற்ற ஒரு சிலம்பு இருக்கிறது, விலைபோட உன்னால் ஆகுமா என்று மரியாதையாகக் கேட்கிறான். அவன் போட்ட விலை கோவலனின் உயிர். நமக்குத் தெரிவதால் அந்த மரியாதையான கேள்வியைப் படிக்கும்போதே வயிறு பிசைகிறது. திடுக்கிட வைக்காமலேயே முரண்நகை வேலை செய்யும் என்பதற்கு இதுவே போதும்.

சிறுகதை வேண்டுமென்றால் கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்'. 1950களில் கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை பார்த்தவர் என்பதால் நமக்கு அவர் அயலார் இல்லை. பணக்கார வீட்டுப் பையன், எங்கள் வீட்டுக்கு ராஜா வந்திருக்கிறார் என்று பீற்றிக்கொள்கிறான். ஏழை வீட்டுச் சிறுமி மங்கம்மாளின் வீட்டுக்கும் ஒருவன் வந்திருக்கிறான், தாயில்லாத, உடுக்கத் துணியில்லாத சிறுவன், பெயர் ராஜா. எங்கள் வீட்டுக்கும்தான் ராஜா வந்திருக்கிறான் என்று அவள் போட்டிக்குச் சொல்கிறாள். குழந்தைகள் அதுவரை ஆடிவந்த போட்டி விளையாட்டின் தொடர்ச்சி அது, அவளுக்கு அதில் கிண்டலே இல்லை. அந்தப் பையனைக் குளிப்பாட்டித் துணி கொடுத்த தாயைப் பார்த்துவிட்டு வந்த நமக்குத்தான் அந்த வாக்கியம் வேறு எடையில் கேட்கிறது. முரண்நகை என்றாலே கசப்பு என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் கொடுப்பது இந்தக் கதை.

இனி எழுதும் வேலை. மூன்று கதைக்கும் சம இடம் கொடுக்க வேண்டும் என்று கேள்வித்தாள் சொல்லாவிட்டால், ஒன்றை ஆழமாக எடுத்து மற்ற இரண்டை ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கதையை இரண்டாம் முறை படிக்கும்போது, முடிவு தெரிந்ததால் அர்த்தம் மாறிப்போகிற வரிகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்த நேரத்தில் யாருக்கு என்ன தெரியும், யாருக்குத் தெரியாது என்று குறியுங்கள். அதிலிருந்து இரண்டு அல்லது மூன்று வரிகளைப் பொறுக்கி, அவற்றைச் சுற்றிக் கட்டுரையைக் கட்டுங்கள். தொடக்க வாக்கியம் இப்படி இருக்கலாம்: 'திருடி என்று பெயர் வாங்கிவிடுவோமோ என்ற பயத்தில் மத்தில்ட் உண்மையை மறைக்கிறாள், அந்த மறைப்புதான் உண்மை அவளுக்குத் தெரியவராமல் பத்து வருடம் தடுக்கிறது.' இதில் கதையின் முடிவு இருக்கிறது, ஆனால் காரணத்தோடு இருக்கிறது. விரிவுரையாளர் கேட்டது இதுவாகத்தான் இருக்கும். ஐரனி என்ற சொல்லைப் பத்திக்கு நாலு முறை எழுத வேண்டாம். இடைவெளியைக் காட்டிவிட்டால் பெயரை ஒருமுறை சொன்னால் போதும்.

எதை ஆழமாக எடுப்பது என்று கேட்டால், நாள் குறைவாக இருந்தால் ஷோபின். சிறிய கதை, ஒரே உட்காரலில் மூன்று முறை படித்துவிடலாம். இரண்டு வாரம் கையில் இருந்தால் மொப்பசான். பட்டியலில் எட்கர் ஆலன் போவின் 'தி காஸ்க் ஆஃப் அமொன்டில்லாடோ' மாற்றுக் கதையாக இருந்தால் அதையும் ஒரு பார்வை பாருங்கள். கொல்லப்படப்போகிறவனின் நீண்ட ஆயுளுக்காகக் கொல்லப்போகிறவனே மதுக்கிண்ணம் உயர்த்துகிற இடமும், இருமலால் நான் சாகமாட்டேன் என்று சாகப்போகிறவன் சொன்னதற்கு 'உண்மைதான்' என்று பதில் வருகிற இடமும் சொல் முரணுக்குத் தயாராகக் கிடைக்கும். திருத்தி எழுதியதும் முதல் பத்தியை இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.